ஆண்டாள் விட்ட தண்ணீர்

களமருதூர்ச் சேற்றை மிதித்தே வளர்ந்தவள் ஆண்டாள். சொந்தமாக ஒரு காணி கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டே பாதி ஆயுசு போயிற்று. புருஷன் செத்த பிறகு மகள் மணிமொழியைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது.

மண்டபத்துக்கு முன்னால் முதலாளி புல்தரை போட்டார். பின்னால் கல்வராயன் மலை தெரிய, பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தண்ணீர் விடும் வேலை ஆண்டாள் தலையில் விழுந்தது. அவளுக்குத் தெரிந்த பயிர் நெல் ஒன்றுதான். காலையில் ரப்பர் குழாய் ஓஸைப் போட்டுத் தண்ணீர் தேங்கி நிற்கிற வரைக்கும் விட்டாள். சாயங்காலமும் விட்டாள். வழிந்து ஓடாமல் இருக்க ஓரத்தில் மண் அணைத்து வரப்பு வேறு கட்டி வைத்தாள்! புல் மஞ்சளடித்தது. பாவம், தாகம்போல என்று இன்னும் கொஞ்சம் விட்டாள். அழுகிய நாற்றம் கிளம்பிய பிறகுதான் முதலாளி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? லான் போட்டா, நீ நடவு நட்டுக்கினு கீற?"

வேலை போகாதது அவள் அதிர்ஷ்டம். ஓஸ் எட்டாத மூலையில் மட்டும் புல் பச்சையாக நின்றதை அன்றைக்குத்தான் கவனித்தாள். வரப்பை வெட்டிவிட்டாள். அப்புறம் புல்லின் நிறம் மங்கி, மிதித்த இடம் நிமிராமல் கிடந்தால்தான் தண்ணீர். விட்டால் வேர் வரைக்கும் இறங்குகிற மாதிரி விடுவாள், பிறகு நன்றாகக் காயப்போடுவாள். மழை பெய்தால் ஓஸைத் தொடமாட்டாள். அடுத்த தை மாதம் வருவதற்குள் புல் மெத்தைபோல மண்டிவிட்டது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "உம் பொண்ணு ரிசப்ஷன இந்த லான்லயே வெச்சிக்க ஆண்டாளு" என்றார். அவராகச் சொன்னதுதான், இவள் கேட்கவில்லை.

ஆண்டாள் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. நைனார்பாளையத்தில் மணிமொழிக்கு மாப்பிள்ளை அமைந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாளிடம் முதலில் சொன்னதே அதைத்தான்.

வரவேற்புக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளன்னைக்குப் பெரிய எடத்து முகூர்த்தம் கீது. உங்க ஜனம் மொத்தமும் ஏறி மிதிச்சா லான் இன்னாத்துக்கு ஆவும்? பாக்கு போட்டுத் துப்புவாங்க. வண்டி நிறுத்துற எடத்துல பந்தல் போட்டுக்க. நான் வாணாம்னு சொல்லலயே."

பெரிய இடத்துக் கால்களுக்குக் கனம் கிடையாதாம். புல்லை நசுக்குவதெல்லாம் களமருதூர்க் கால்கள்தானாம். ஆண்டாளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் "சரிங்க" என்றுதான் வாயில் வந்தது. அதற்காகத் தன்னையே வைதுகொண்டாள்.

எரிச்சலைவிடப் பயம் பெரிதாக இருந்தது. 'உங்கம்மாவ புல்லுல கால் வைக்கவே வுடலியாமே' என்ற பேச்சோடு மணிமொழி அந்த வீட்டுக்குள் நுழைந்தால், ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

மறுநாள் மதியம், மாப்பிள்ளை வீட்டு வேன் வருவதற்கு முன்னால், ஆண்டாள் ஓஸை இழுத்துப் புல்தரை நடுவில் போட்டுத் திறந்துவிட்டாள். தாகமே இல்லாத புல். தண்ணீர் தேங்கி, கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற அளவுக்கு விட்டாள். முதலாளி கத்தினால் கத்தட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கை கால் கழுவிப் பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வேனை விட்டு இறங்கிய ஜெயம்மாள், வண்டி நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த பந்தலைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, புல்லு மேலன்னு சொன்னீங்களே?"

"தண்ணி ஜாஸ்தி வுட்டுட்டேங்க. ஒரே சேறாப் பூடுச்சி. என் தப்புதான்."

ஜெயம்மாள் புல்தரையை எட்டிப் பார்த்துவிட்டு, உறவுக்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி சிரித்தாள்.

"இத்தினி வருசமா இதே வேலை செய்யறீங்க. எவ்ளோ தண்ணி வுடணும்னுகூட தெரியாதா?"

பந்தலில் நின்றிருந்த மணிமொழி அம்மாவையே பார்த்தாள்.

"தெரியலீங்க" என்று ஆண்டாளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.