கட்டிப்போட்டிருந்த என் கணவரை அம்மன் அவிழ்த்துவிட்டாள்

என் கணவர் என்னை வெட்டவந்த காலையிலிருந்து சொல்கிறேன். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் மாரியம்மன் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அதை மறைக்கக்கூடாது.

நாங்கள் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். என் கணவர் செல்வம் கொழுந்து வெட்டும் மெஷின் தூக்குகிறவர். சரிவில் நாள் முழுக்க அதைத் தூக்கினால் இடுப்பு என்ன ஆகும்? காலையில் கோப்பியோடு ஒரு வலி மாத்திரை. மதியம் ஒன்று. வலி அடங்காவிட்டால் இன்னொன்று. வருடக்கணக்காக அப்படித்தான். லயத்தில் எல்லார் வீட்டிலும் கிடக்கிற மாத்திரை. அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்ததும் அவருக்குக் கால் வீங்கியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. சிறுநீர் சரியாகப் போகவில்லை. உடம்பைச் சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொள்வார். "கேஸ்ட்ரிக் லா" என்று சொல்லிவிட்டு, உடம்பு வலிக்கு இன்னும் அதே மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அடுப்படியில் இருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"யாரு நீ? என் வூட்டுல என்னா பண்ற?"

விளையாடுகிறார் என்று சிரித்தபடி திரும்பினேன். கையில் பாராங் கத்தி. அந்தக் கண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. வீசினார். கையைக் குறுக்கே நீட்டினேன். முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். துரத்தி வந்தார். லயத்து ஆண்கள் பாய்ந்து அவரைக் கீழே தள்ளி, மிதித்துக் கத்தியைப் பிடுங்கி எறிந்தார்கள். லோரிக் கயிற்றால் வாசல் தூணில் கட்டினார்கள். கடித்தார், உறுமினார், தலையைத் தூணில் மோதிக்கொண்டார்.

அவருடைய தம்பி முருகேசு அழுதுகொண்டே சொன்னான்: "அண்ணி, ஆத்தோரக் காட்டுல வேலை செஞ்சாரு இல்ல? காத்து அடிச்சிருச்சு."

மோட்டார் சைக்கிளில் ரிங்லெட் டவுனுக்குப் போய்ப் பேயோட்டுகிற ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தான். அந்த ஆள் மிளகாயைச் சுட்டு மூக்கில் புகை காட்டினார். பிறகு ரோத்தான் பிரம்பை எடுத்தார். "போறியா, மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். சட்டை கிழிந்தது. முதுகு கிழிந்தது. குறுக்கே விழுந்தேன். என் தோளிலும் அடி விழுந்தது. யாரோ என்னை இழுத்துப்போட்டார்கள்.

அப்போது என் கணவருக்கு உடம்பு விறைத்தது. பல் கிட்டி, வாயில் ரத்த நுரை தள்ளியது. "கிளம்புது, விடாதீங்க!" என்று அந்த ஆள் மறுபடி பிரம்பை ஓங்கினார்.

மண்ணில் கிடந்தபடியே கத்தினேன். "தாயே! இவருக்குள்ள என்னா இருந்தாலும் உன் கையால எடு. இந்த ஆளு கையால வேணாம்!"

லோரி ஹாரன் கேட்டது.

பாக்கியம் அக்கா. கியா பார்மில் பூத்தோட்டம் வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை பூசைக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பூ கொண்டுவருவார். எப்போதும் மதியத்துக்குப் பிறகுதான் வருவார். அன்று நெஞ்சு படபடத்ததாம், வீட்டில் இருக்க முடியவில்லையாம், காலையிலேயே கிளம்பிவிட்டாராம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கணவர் முகத்தருகே குனிந்தார்.

"இது காத்துமில்ல, பேயுமில்ல. மூத்திர வாடை அடிக்குது பாரு மூச்சுல. எங்க வூட்டுக்காரருக்கு கிட்னி போனப்ப இதே வாடைதான். தூக்குங்க லா!"

பேயோட்டுகிறவர் அக்காவின் முகத்திலேயே பிரம்பால் ஒரு வீச்சு வீசினார். உதடு கிழிந்தும் அக்கா நகரவில்லை.

எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று கேட்காதீர்கள். கீழே கிடந்த பாராங்கை எடுத்தேன். "கிட்ட வந்தா யாரா இருந்தாலும் வெட்டிருவேன்!" என்றேன். கயிற்றை அறுத்தேன். சரிந்து விழுந்தவரை முதலில் வந்து தாங்கியது முருகேசுதான்.

அக்காவின் லோரியில் செவ்வந்திப் பூக்கட்டுகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இன்னொரு முறை வலிப்பு வந்தது. முருகேசு அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான். நான் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஆம்புலன்சில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

என்ன மாத்திரை சாப்பிடுவார் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன்.

"அதுதாம்மா. வருஷக்கணக்கா வலி மாத்திரை சாப்பிட்டு கிட்னி கெட்டுப்போச்சு. ரத்தத்துல சேந்த அழுக்கு மூளைக்கு ஏறினதாலதான் ஆள் தெரியாம வெட்டினாரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருப்பாரு."

சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "சாப்டியா?" என்றார். உடைந்து அழுதேன். பிறகு என் கைக்கட்டைப் பார்த்தார். "யாரு வெட்டுனது?"

"நோய் வெட்டுச்சுங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்களில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் தேவைப்படாத அளவுக்குத் தேறினார். ஆனால் கெட்டுப்போன கிட்னி முழுசாகச் சரியாகவில்லை. உப்பில்லாத சாப்பாடு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. தோட்டத்தில் அவரை நாற்றங்காலுக்கு மாற்றிவிட்டார்கள். முருகேசு தினமும் வந்து அண்ணன் முதுகுத் தழும்புக்கு எண்ணெய் தடவுகிறான்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். புத்தி தடுமாறியவரை அடிக்காதீர்கள். என் தாயைக் கூப்பிடுங்கள். உதடு கிழிந்தாலும் விலகாமல் நிற்கிற யாரையாவது அவள் அனுப்புவாள்.