வயது முப்பத்தொன்று

என் கணவர் பத்து காஜா ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டத்தை விற்று ஆபீஸை மூடியபோது மற்றவர்கள் மேசை, நாற்காலி என்று தூக்கிப்போனார்கள். இவர் மட்டும் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஓடுகிற கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, மாட்டுப் பொங்கல் காலையில், கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் உட்காருவார். சீட்டு விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் முதல் பெண் பிறந்தது ஒரு மாட்டுப் பொங்கலில். பதினோரு நாளில் போய்விட்டாள். தோட்டத்து மயானத்தில் புதைத்துவிட்டு வந்தவர், "இனிமே அதப் பத்திப் பேச வேணாம்," என்றார். சாகும்வரை பேசவில்லை. பிள்ளை பிறந்த நாளில் சீட்டு விளையாடுகிற மனிதரை நான் மன்னிக்கவில்லை.

போன வருஷம் மாசியில் அவர் இறந்தார். இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும், மயானத்தை மட்டம் தட்டி வீடு கட்டப்போவதாகக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் அவரவர் குழியைக் காட்டினால் எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்வார்கள். பிள்ளைகளின் குழிக்குக் கல் கிடையாது. எந்த வரிசை, எத்தனாவது குழி என்பதெல்லாம் தோட்டத்துக் கோயில் செயலாளராக இருந்தபோது என் கணவர் அடித்த பட்டியலில்தான் இருந்தது. அதன் நகலைக் கோயிலின் புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள்.

இப்போதைய செயலாளர் போன் செய்தார். "அக்கா, அண்ணனோட பழைய கம்ப்யூட்டர் இருக்கா? அதுல மட்டும்தான்லா அந்த எழுத்து தெரியும்."

பழைய இரும்பு லாரிக்குப் போடுவதற்காக அதை வாசலில் வைத்திருந்தேன். நல்லவேளை, இரண்டு வாரமாக லாரி வரவில்லை.

சின்ன மகள் வயரை மாட்டினாள். கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு எழுந்துகொண்டது. பட்டியல் அழகான தமிழில் வந்தது. மூன்றாம் வரிசை, ஒன்பதாம் குழி, பெண் குழந்தை, எங்கள் இருவர் பெயர். மற்றவர்களுக்கெல்லாம் இறந்தபோது இருந்த வயதைப் போட்டிருந்தார். எங்கள் பிள்ளைக்கு நேரே 31 என்று இருந்தது.

"அப்பா தப்பா அடிச்சிட்டாரும்மா. பதினோரு நாள்தான?"

அவரா? ஆள் வராத நாளைக்கூட ஒன்று விடாமல் எழுதி வைத்த கிராணி அவர். விரல் விட்டு எண்ணினேன். இருந்திருந்தால் போன வருஷப் பொங்கலுக்கு அவளுக்கு முப்பத்தொன்று. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் ஒரு வயது கூட்டியிருக்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாவி நான். அழுகை வந்து நிற்கவே இல்லை.

மகள் குழி எண்ணை எழுதிக்கொண்டு, "மூடிடவாம்மா?" என்றாள்.

"இரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது. எண் அடிக்கத் தெரியும். ஒன்றை அழித்துவிட்டு இரண்டு போட்டேன்.