பிரேக் மாமாவின் இடது மணிக்கட்டு

காலை எட்டு மணிக்குக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையை மேசைமேல் மல்லாத்தி நீட்டுகிறார் மாமா. ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்போல முகத்தை வேறு திருப்பிக்கொள்கிறார். டீச்சர் மெல்லிய கண்ணாடிக் குழலால் மணிக்கட்டில் இரண்டு சொட்டு வைக்கிறார். தேய்க்கக் கூடாது, ஊதக் கூடாது, சாயங்காலம்வரை அங்கே தண்ணீர் படக் கூடாது. தோல்வாரில் வாசனை ஏறிவிடும் என்பதால்தான் கடிகாரத்துக்கு இந்த இடமாற்றம். இப்படிப்பட்ட நாட்களில் மணி பார்க்க வேண்டுமென்றால் மாமா முதலில் வெறுங்கையைப் பார்த்து ஏமாந்துவிட்டுத்தான் கடிகாரம் இருக்கும் கைக்கு வருவார்.

மாமாவுக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருடமாக அதன்மேல் கால் வைத்தே பழகியதில், சினிமாக் கொட்டகையிலும் பல் டாக்டரின் நாற்காலியிலும்கூட அவர் கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக் மாமா என்பது மாணவர்கள் வைத்த பெயர். டீச்சர் அவருடைய மனைவி. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் டீச்சர் என்றால் மாமாவுக்கும் டீச்சர்தான். வேலையை விட்ட மறுமாதமே சாப்பாட்டு மேசையில் பாதியை வளைத்துப்போட்டு வாசனைத் திரவியம் செய்யத் தொடங்கினார். கடைவீதியில் இரண்டு கடைக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிப்போனார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது டீச்சரின் மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். டீச்சரோ அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே சீசாக்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை நிதானமாக அவிழ்த்தார்.

"என் மூக்கு சும்மாதான் இருக்கு டீச்சர். அதை எடுத்துக்கோ."

நிஜமாகவே சும்மா இருந்த மூக்குதான். அதுவரை பெட்ரோலையும் பக்கத்து வீட்டு வறுவலையும் தவிர வேறெதற்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. வாசனையைப் பற்றிப் பேச மாமாவிடம் இருந்ததெல்லாம் சொந்தச் சரக்கு. அவர் "பழைய பீரோ" என்றால் டீச்சர் மர எண்ணெயில் ஒரு சொட்டு குறைப்பார். "முடி வெட்டுற கடை" என்றால் இரண்டு சொட்டு. ஒருமுறை மாமா நன்றாக யோசித்து, "ஹெட்மாஸ்டர் ரூம்" என்றார். டீச்சர் மறுபேச்சில்லாமல் அந்தச் சீசாவைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

இப்போது நடப்பது வெட்டிவேர். பதினோராவது கலவை. வெட்டிவேர் காலையில் ஒன்று பேசும், மாலையில் வேறொன்று பேசும். ஆகவே ஒன்பது, பன்னிரண்டு, நாலு என்று மூன்று வேளை போன் செய்து சொல்ல வேண்டும். இதற்காகவே காரில் தொங்கிய எலுமிச்சை வாசனை அட்டை போனது, மாமா வாயில் அடக்கும் புதினா மிட்டாயும் போனது.

இன்று ஒன்பது மணிக்கு, எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியதுபோல் இருக்கிறது, சிரித்த முகமாக இருக்கிறது என்றார். பன்னிரண்டுக்குச் சிரிப்பு இறங்கிவிட்டது, செடியைப் பிடுங்கினால் கூடவே வரும் மண் தெரிகிறது என்றார். ஈர மண்ணா காய்ந்த மண்ணா என்று டீச்சர் குறுக்கு விசாரணை நடத்தினார். மாமா இன்னொருமுறை மோந்து பார்த்தார். "ராத்திரி தண்ணி ஊத்திட்டுக் காலையில பாக்குற மண்ணு." மறுமுனையில் பேனா ஓடும் சத்தம் நின்று, டீச்சர் சிரிப்பது கேட்டது.

நாலு மணிக்கு ஸ்டியரிங்கில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அழுகிற குழந்தைக்கும் அசையாமல் ஊசி போடுகிறவர், லைசென்ஸ் தேர்வில் மட்டும் மூன்று முறை தோற்றவர். நாலாவது தேர்வுக்கு இன்னும் அரைமணி நேரம். ஜன்னல்கள் மூடியிருந்தன, வெயில் காருக்குள் காய்ந்தது. திடீரென்று மாமாவுக்குப் புகை வாசனை அடித்தது. கிளட்ச் தீய்கிறது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். முன்மூடியைத் தூக்கி மோந்தார், நாலு சக்கரத்தையும் குனிந்து மோந்தார். ஒன்றுமில்லை. தன்னால்தான் வண்டி போச்சு என்று நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா நெற்றி வியர்வையைத் துடைக்க இடது கையைத் தூக்கியபோதுதான் விஷயம் விளங்கியது.

"நீங்க அழாதீங்கம்மா. வண்டிக்கு ஒண்ணுமில்ல. இது எங்க டீச்சர் வேலை."

நர்ஸம்மாவும் அந்த மணிக்கட்டை மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீரோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே பயமும் போயிருக்க வேண்டும். தேர்வில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, நட்டிருந்த குச்சி ஒன்றில்கூட இடிக்காமல் நிறுத்தினார். பாஸ் என்றதும் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கியவர் லேசில் விடவில்லை. அந்தக் கூத்தில் நாலு மணிப் போன் மறந்தே போயிற்று.

வீட்டுக்கு வந்தால் மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. நாலு மணிக்கு நேரே வெறும் தாள். டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாமா எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினார். தினமும் முடிவில் ஒரு முறை டீச்சரும் மோந்து பார்ப்பது வழக்கம். பார்த்துவிட்டு, கையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, சாப்பாடு எடுத்துவைக்கப் போய்விடுவார். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இன்று கையைக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, எங்கயோ புகையுதா?"

மாமா தன் மணிக்கட்டைப் பார்த்தார். நாலு மணிப் போன்தான் போகவில்லையே, புகை என்ற சொல்லையே அவர் இன்னும் இந்த வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

"எங்க இருந்து வருது?" என்றார், குரலை இறக்கி.

டீச்சர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி மணிக்கட்டில் மூக்கை வைத்தார். கண் மூடியிருந்தது. "இங்கதான். அடியில இருக்கு. லேசா... ரொம்ப லேசா."

மாமா ஏதோ சொல்லப் போனார். டீச்சர் விரலை உயர்த்தித் தடுத்தார். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து அந்தக் கையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி முகத்தோடு வைத்துக்கொண்டார்.

புழுக்கத்தில் மாமாவின் முதுகு நனைந்தது. கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்ததில் முழங்கை மரத்துப்போய், அந்த மரப்பு தோள்வரை ஏறியது. அவர் மற்றக் கையால் நாற்காலியைப் பிடித்து, சத்தம் வராமல் தூக்கி, அரை அடி டீச்சர் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.