மப்ளருக்குள் ஒரு கம்பி

பெரியப்பாவின் காது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சிகரெட் பெட்டி அளவு மிஷின். அதிலிருந்து ஒரு கம்பி காதுக்கு ஏறும். மிஷினின் தலையில் ஒரு குட்டி விசை. ‘எம்’ பக்கம் தள்ளினால் ஊர்ச் சத்தமெல்லாம் கேட்கும். ‘டி’ பக்கம் தள்ளினால் ஒன்றுமே கேட்காது. ஒன்றும் கேட்காமல் இருப்பதற்கு எதற்கு ஒரு விசை? எட்டு வயதில் எனக்கு அதுதான் பெரிய கவலை.

விடை சித்தப்பாவிடம் இருந்தது. ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். மைக் செட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, உட்காரும் இடத்தைச் சுற்றிப் போட்டுவிட்டால் போதுமாம். விசையை ‘டி’யில் வைத்திருப்பவருக்கு மைக்கில் பேசுவது மட்டும் கேட்குமாம். பக்கத்தில் யார் இருமினாலும், பாத்திரம் உருண்டாலும் வராதாம். எனக்கு அது சுத்த மாயமாக இருந்தது.

அதைப் பார்க்கும் நாளும் வந்தது. பெரியப்பா மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, தேரடி வீதி மண்டபத்தில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கும் காது போகுமோ என்ற சந்தேகத்தில் ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. செங்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்கும் விஷயம் தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று பெரியப்பாவுக்கு ஒரே பயம். அதனால் மிஷின் பனியனுக்குள் போனது. கம்பியை மறைக்க, தைமாதக் குளிர் என்று சாக்குச் சொல்லி ஒரு மப்ளர். பட்டப்பகலில் வியர்த்துக் கொட்டியது, பாவம். சித்தப்பா ஜமக்காளத்துக்கு அடியில் ஒயரைச் சுற்றிப் போட்டார். “நீ மட்டும் வாயத் தொறந்த, தோல உரிச்சிடுவேன்” என்று என்னிடம் சொல்லிவைத்தார்.

லக்னப் பத்திரிகை வாசித்தபோது பெரியப்பா சரியான இடங்களில் தலையாட்டினார். அந்த அதிசயத்தைப் பார்க்கவே நான் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் மற்றவர்கள் பந்திக்கு எழுந்தார்கள்; பெரியப்பா மட்டும் ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வெளியே அலறிய ஸ்பீக்கர் குழாயை மட்டும் நிறுத்தினார், மைக்கை மறந்துவிட்டார். அதன் பக்கத்தில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நின்று ஏதோ கிசுகிசுத்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

திரும்பினால், பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது! எனக்கு உயிரே போய்விட்டது.

“சித்தப்பா, ஓடியாங்க! பெரியப்பாவோட காது மிஷின் ஷாக் அடிக்குது!”

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் என் தோல் பாதி உரிந்துவிட்டது.

பெரியப்பா நிதானமாக மப்ளரை அவிழ்த்தார். மிஷினை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். “ஷாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாங்க சம்பந்தியம்மா, சாப்பிடலாம்” என்றார்.

எனக்கு அடி விழவில்லை. பெரியப்பா இலையிலிருந்து ஒரு ஜாங்கிரிதான் வந்தது. சமயத்தில் கத்திப் பெரியப்பாவைக் காப்பாற்றியதற்கான பரிசு என்று எண்ணிக்கொண்டு தின்றேன்.

கிசுகிசுத்தது என்ன என்பதை, நான் வளர்ந்த பிறகுதான் பெரியப்பா சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, “மப்ளருக்குள்ள கம்பி தெரியுதுடா. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் காது போச்சுன்னா இன்னா பண்ணுவ?” என்று கேட்டாராம்.

“போனா போவட்டும்மா. நான் கொஞ்சம் சத்தமா பேசிக்கிறேன்” என்றாராம் மாப்பிள்ளை.