பாலைவன ரயிலுக்கு ஸ்காபரோவில் ஆள் பிடித்த கதை

தான் போகாத ஊரைப் பற்றி வாய் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்குபவர்தான் பயண முகவர். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் நானும் அப்படித்தான் குப்பை கொட்டினேன். ராஜஸ்தான் பாலைவனத்தில் மகாராஜாக்களின் ரயில் பெட்டிகளைப் போலச் செய்த சொகுசு ரயில் ஒன்று ஓடுகிறது. பனிக்காலம் முடிவதற்குள் அதில் ஓர் அறையாவது விற்காவிட்டால், என் மேசை தன் மனைவியின் தம்பி சுதனுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிய எவருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஆற்றை வீட்டை?

நம்மவர்கள் போவது ஊர் பார்க்க அல்ல, சொந்தக்காரரைப் பார்க்க. லண்டன் என்றால் சித்தி, பாரிஸ் என்றால் பெரியப்பாவின் மகன். பக்கத்து வோபர்னிலிருந்து வந்த ஓர் அன்ரிக்குக் கோட்டை, ஒட்டகம், வெள்ளித்தட்டுச் சாப்பாடு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அங்கை ஆற்றை வீட்டை நிக்கிறது?" என்று கேட்டார். தங்குவதற்கு யார் வீடும் தேவையில்லை, ரயிலிலேயே படுக்கலாம் என்றேன். அன்ரியின் முகம் சுருங்கியது.

"அவ்வளவு தூரம் போய் ரயிலுக்குள்ளை படுத்தனாங்கள் எண்டால் சனம் என்ன பிள்ளை நினைக்கும்?"

வறுத்த அனுபவம்

அடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர், றிச்மண்ட் ஹில்லில் வீடு, கம்ப்யூட்டர் வேலை. ரயிலின் விளம்பரப் பிரசுரத்தைப் பக்கம் பக்கமாக ரசித்தார். நான் பேனாவைக்கூட நீட்டிவிட்டேன். பிரசுரத்தை அழகாக மடித்துத் திருப்பித் தந்தார்.

"சின்ன வயசுல லீவு விட்டா போதும், ரயில்ல போட்டு வறுத்தெடுத்தாங்க. இனிமே நான் அதுல ஏறணும்னா நீங்கதாங்க எனக்குக் காசு தரணும்."

சுதனின் வீடியோ

மாசி மாதமும் வந்துவிட்டது. ஓர் அறையும் போகவில்லை. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அப்போதுதான் சுதன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கலியாணம் முடிந்தும் வீடியோ முடியவில்லையாம். வெளிக்காட்சி எடுக்கப் பூங்காவுக்குப் போனால், பனிக்குள் சேலையோடு நின்ற புது மனைவி கவிதாவின் பல் கிடுகிடுத்ததுதான் பதிவாகியிருக்கிறது.

"தம்பி, வெயில் இருக்கு, அரண்மனை இருக்கு, ஒட்டகமும் இருக்கு" என்று பிரசுரத்தை விரித்தேன். என் மேசைக்கு வரவேண்டியவன் அதே மேசையில் கையெழுத்துப் போட்டு இரண்டு அறை எடுத்தான். ஒன்று அவர்களுக்கு, மற்றது வீடியோக்காரருக்கு. விஷயம் அறிந்த முதலாளி சுதனைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"விசரா, உன்ரை கதிரையை நீயே பறிகுடுத்திட்டியே!"

விட்டுப்போன ரயில்

திரும்பி வந்ததும் கவிதா நேரே என்னிடம் வந்தாள். ஒரு ஸ்டேஷனில் வீடியோக்காரர் ரயில் வாசலில் நின்றபடி, இவர்கள் கைகோத்து நடந்து வருவதைப் படம் எடுத்திருக்கிறார். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று திருப்பித் திருப்பி அனுப்ப, அவரை ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்டுவிட்டது. இவர்கள் டாக்ஸி பிடித்து, பாலைவனம் முழுக்க அதைத் துரத்தியிருக்கிறார்கள். இவள் முதலாளியிடம் முறையிட்டால் மேசை போச்சு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் சிரித்தாள்.

"சொறி எல்லாம் வேண்டாம் அக்கா. கலியாணம் கட்டினாப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் தனிய இருந்ததே அண்டைக்குத்தான்."

மேசை எனக்கே நிலைத்தது. அதன்பிறகு புதுத்தம்பதிகளுக்கு அந்த ரயிலின் வசதிகளை அடுக்கும்போது, ஆளை விட்டுவிட்டுப் போவதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டேன்.