நேர்ந்துவிட்ட வெள்ளைச் சேவல்

எங்கப்பா மேல் எனக்கு வந்த முதல் கோபம் ஒரு சேவலால் வந்தது. இன்னும் முழுசாக ஆறவில்லை.

அப்போது கொரட்டூரில் இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. எட்டு வயதில் எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது, மகள் எழுந்து நடந்தால் வீட்டு வெள்ளைச் சேவலை, கோயிலில் விளைச்சலைக் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகைக்குப் படைப்பதாக அம்மா முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்தேன். அதற்கப்புறம் அது கர்த்தரின் சேவல். அரிசியைக் கொத்தினாலும் விரட்ட மாட்டேன்.

பண்டிகையன்று காலையில் அப்பா என் கையில் திணித்ததோ ஒற்றைக் கண் பெட்டைக்கோழி.

"இன்னா நைனா இது? நம்ம சேவல் எங்க?"

"ஐயரு இன்னிக்கு நம்ம ஊட்ல சாப்புடறாரு. அவருக்கு இந்த நோஞ்சானையா ஆக்கிப் போடறது? வாய மூடிகினு வா."

எங்கள் சபைப் போதகரைத்தான் ஐயர் என்போம். பெட்டைக்கோழியைக் காணிக்கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் அன்று பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது சவுல் ராஜாவின் கதை. எதிரிகளின் ஆடுமாடு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன ஆண்டவரிடம், கொழுத்த ஆடுகளை மட்டும் ஒதுக்கிக்கொண்டு, சொன்னபடி செய்துவிட்டேன் என்று சாதித்த ராஜா. பாதிக் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதலே இல்லை என்று ஐயர் முழங்க, முன்வரிசையில் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல் திரும்பி வந்தால் சாகப்போவது நானல்லவா!

மத்தியானம் ஐயர் தொடைக்கறியைக் கடித்தபடி, "பிரமாதம்! கோழி எங்க வாங்கினீங்க?" என்றார்.

"மார்க்கெட்லதான் ஐயரே," என்றார் அப்பா, கூசாமல்.

"பொய்!" என்று கத்தினேன். "அது சாமிக்கு நேர்ந்துவுட்ட சேவல். நைனாதான் மாத்திட்டாரு!"

ஐயரின் கை இலையிலேயே நின்றது. எழுந்து கை கழுவினார், அவசரமாக ஜெபம் பண்ணினார், போய்விட்டார். வாசல் கதவு சாத்தியதும் அப்பா அறைந்த அறையில் காது கொய்யென்றது.

"நீதான் சவுலு!" என்று அழுதுகொண்டே கத்தினேன். இன்னொன்று விழுந்தது. அம்மா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களா இவர்கள், சே! ரெண்டு நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. அந்த வீட்டில் ஆண்டவருக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

அன்று கோயிலிலிருந்து வந்ததும், ஐயர் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அம்மா அடுப்படியில் ஊதி ஊதி ஈரலை என் வாயில் ஊட்டியிருந்தாள். எந்தச் சேவலின் ஈரல் என்று தெரிந்தேதான் மென்றேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன். ஐயரிடம் அதை மட்டும் சொல்லவில்லை. மறைத்ததாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை.