கழுத்து வழியாகக் கல்லீரலுக்கு ஒரு ஊசி

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனைப் போல ஒரு பாவப்பட்ட ஜென்மம் கிடையாது: நல்லபடியாக முடிந்தால் டாக்டர் கைராசி, ஏடாகூடமானால் "மிஷின்காரன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?" அடுத்தவர் கைராசிக்குப் பக்கத்தில் நின்று வியர்த்தவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில், தேனாம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் வியர்த்தது இப்படி.

கையெழுத்து

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து சேர்ந்தார். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்திருந்தது, ரத்தமும் சட்டென்று உறையவில்லை. எதனால் கெட்டது என்று தெரிந்தால்தான் மருந்து, அதற்குக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்தாக வேண்டும். விலாப்பக்கம் குத்தினால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டி நிற்காது. அதனால் கழுத்து ரத்தக்குழாயில் ஒரு டியூபை விட்டு, இதயத்தைத் தாண்டி, கல்லீரலுக்குள்ளிருந்தே எடுப்பார்கள். கசிந்தாலும் ரத்தம் ரத்தக்குழாய்க்கே திரும்பிவிடும்.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். பேங்க்கில் வேலை பார்த்த மாமியின் கணவர் படிவத்தை வரிவரியாகப் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "நம்மாத்துக்கு வரதுக்கு அடுத்தாத்து சமையலறை வழியா வராப்பல இருக்கே."

மாமியின் பதில்

கழுத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி, ஆள் முழு விழிப்பு, முகத்தின் மேல் பச்சைத் துணி. டாக்டர் டியூபை இறக்க, நான் மிஷினை நகர்த்தித் திரையில் வழி காட்டினேன். இதயத்தைத் தாண்டும்போது மானிட்டர் தாறுமாறாகக் கத்தி அடங்கியது. வழக்கம்தான், டியூப் உரசினால் இதயத் துடிப்பு கொஞ்சம் தடுமாறும்.

ஊசி கல்லீரலுக்குள் இறங்குகிற நேரம் மாமி லேசாக முனகினார். என் வாய் சும்மா இருக்குமா? "வலிக்குதா மாமி?" என்று கேட்டுத் தொலைத்தேன். நம்மூரில் யார் வாயால் பதில் சொல்கிறார்கள்? இல்லை என்று தலையை ஆட்டினார், பலமாக. டியூபும் கூடவே ஆடி, ஊசி நழுவி ஆழமாகப் போய்விட்டது.

டாக்டர் எக்ஸ்ரேயில் தெரிகிற சாயத்தை டியூப் வழியாக விட்டுப் பார்த்தார். திரையில் அது கல்லீரலின் ஓரத்தைத் தாண்டி வயிற்றுக்குள் கறுப்பாகக் கசிந்தது. அவர் கத்தவில்லை. ஓட்டையை அடைக்கிற மருந்துப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இனிமே இந்த ரூம்ல ஒருத்தரும் பேசக் கூடாது."

டேப்

கசிவு நின்ற மாதிரி இருந்தது. மாதிரிதான். வயிறு உப்பினாலோ பிரஷர் இறங்கினாலோ உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தம். நர்ஸ் கால் மணிக்கு ஒருமுறை டேப்பால் வயிற்றை அளந்துகொண்டிருந்தார். டியூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை, வராந்தாவிலேயே கிடந்தேன்.

தலை அசைந்ததில் ஊசி நழுவிவிட்டது என்று டாக்டர் கணவரிடம் சொல்லியிருந்தார். யார் கேட்டு அசைந்தது என்று சொல்லவில்லை. அந்த மனுஷர் என்னைக் கூப்பிட்டு, காபி சாப்பிடறேளா என்று விசாரித்தார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வராந்தாக் கோடிக்கு நகர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளும் முனுசாமி பக்கத்தில் வந்து குந்தி என்னை உற்றுப் பார்த்தார்: "இன்னா சார், உள்ள அந்தம்மாவே தெம்பா கீது, உன் மூஞ்சி ஏன் இப்படி கீது?"

மறுநாள்

வயிறு ஏறவில்லை, பிரஷரும் இறங்கவில்லை. அந்தக் குத்திலேயே ஊசியோடு வந்திருந்த துணுக்கும் பரிசோதனைக்குப் போதுமானதாக இருந்தது. காலையில் மாமியின் கட்டிலருகே போய் நானே ஒப்புக்கொண்டேன்: நான் கேட்டதால்தான் நீங்கள் தலையாட்டினீர்கள், தப்பு என்னுடையது, உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கழுத்தில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "மூஞ்சியை மூடினப்புறம் நான் ஒருத்தி இருக்கறதே எல்லாருக்கும் மறந்து போயிடுத்து. வலிக்கறதான்னு நீ ஒருத்தன்தாம்ப்பா கேட்டே."

அதற்கப்புறமும் கேட்பதை நான் விடவில்லை, ஆனால் மேஜையில் ஏற்றும் முன்பே "தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க" என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்து, ஆஸ்பத்திரி முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கிவிட்டேன்.